வேகத்தடையைத் தாண்டிய கடல்திட்டு

பூங்குழலிக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் தலையாட்டும்வரை அதைப் பற்றியே பேசுவாள். இந்த முறை அவளுக்குப் பிடித்துப்போனது கடற்பஞ்சு.

மைசூரில் பெரிய தசரா ஊர்வலம் முடிந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமையில், அவள் தெருப் பிள்ளைகள் ஒரு குட்டித் தசரா நடத்துவார்கள். பெரிய ஊர்வலத்தில் அலங்கார ஊர்திகள் போவதுபோல இவர்கள் தெருவில் ஒரு தள்ளுவண்டி போகும். காய்கறி விற்கும் மாரக்காள் அத்தை அதற்காகத் தன் வண்டியை இரண்டு நாள் விட்டுக்கொடுப்பார். அதன்மேல் என்ன வைப்பது என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் சண்டை.

பக்கத்து வீட்டு அபிஜித் வழக்கம்போல யானை என்றான். பூங்குழலி விடவில்லை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய பவளங்கள் தோன்றுவதற்கும் முன்பே, கடலுக்கடியில் பெரிய பெரிய திட்டுகள் இருந்தன என்றாள். அவற்றைக் கட்டியவை டம்ளர் போன்ற கடற்பஞ்சுகளும், கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்களும்தான் என்றாள். அந்தத் திட்டுகள் கல்லாகி இன்றைக்கும் கிடைக்கின்றன என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“யானைன்னா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. இதப் பாத்தா கன்னடத்துல ‘ஏனிது’, தமிழ்ல ‘என்ன இது’ன்னு தெருவே கேக்கும்,” என்றான் அபிஜித்.

“கேக்கட்டுமே. பதில் நான் சொல்றேன்.”

“வழியில விழுந்துச்சுன்னா?”

“விழுகாது. விழுந்தா அடுத்த வருசத்துல இருந்து நீ சொல்றதுதான். நான் வாயே தொறக்கமாட்டேன்.”

பூங்குழலி வாயைத் திறக்காமல் இருப்பதா? அதைப் பார்க்கும் ஆசையிலேயே அபிஜித் ஒப்புக்கொண்டான்.

மெத்தைக் கடையில் மிஞ்சிய ஃபோம் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். ஆளுக்கு ஒரு கடற்பஞ்சு செய்தார்கள். எதிர் வீட்டு மேகனா தன்னுடையதற்கு ரோஜா நிறம் பூசி ஜிகினா ஒட்டினாள். கடலுக்கடியில் ஜிகினா ஏது என்று அபிஜித் கேட்டதற்கு, நீ போய்ப் பார்த்தாயா என்று அவன் வாயை அடைத்தாள். பூங்குழலி செய்தது எல்லாவற்றையும்விட உயரம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நுண்ணுயிர்களைச் செய்ய மட்டும் யாரும் முன்வரவில்லை. கண்ணுக்குத் தெரியாததை யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள் மேகனா. பூங்குழலிக்கும் அது சரியாகத்தான் பட்டது. அடியில் ஓர் அட்டையைப் போட்டுப் பச்சைப் புள்ளிகள் வைத்ததோடு வேலை முடிந்தது. ஊர்வலத்தில் கூட்டம் முன்பக்கத்தைத்தானே பார்க்கும்? அதனால் ஆளாளுக்கு முட்டிமோதித் தங்கள் பஞ்சை வண்டியின் முன் விளிம்பிலேயே நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. மாவு மில்லுக்கு எதிரே இருந்த வேகத்தடையில் வண்டி ஏறியது. ஏறியதுதான் தெரியும். கடற்பஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. மேகனாவின் ஜிகினா பஞ்சு உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. மில் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அபிஜித் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு யானைக்கு என்ன நிறம் பூசலாம் என்று பணிவாகக் கேட்டான். சிரித்திருந்தால்கூடப் பூங்குழலி தாங்கியிருப்பாள்.

அவள் தெருவோரமாக உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்து கிடந்த பஞ்சுகளைப் பார்த்தபடி யோசித்தாள். இந்தச் சின்ன மேட்டுக்கே விழுகிறது. கடலில் அத்தனை அலை அடித்தும் அந்தத் திட்டு எப்படி நின்றது?

அந்தப் பதிலைத்தான் அவள் இத்தனை நாளும் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். நுண்ணுயிர்கள் மெல்லிய ஏடாகப் பஞ்சுகளின்மேல் படர்ந்தன. வண்டல் அதில் ஒட்டியது, சுண்ணாம்பு சேர்ந்தது, ஏட்டின்மேல் ஏடாக எல்லாம் இறுகியது. பஞ்சு மட்டும் போதாது. இவர்கள் விட்டுவிட்டது அந்தப் பாதியைத்தான்.

பூங்குழலி எழுந்து, தன் உயரமான பஞ்சை எடுத்துக் கத்தரிக்கோலால் துண்டு போட ஆரம்பித்தாள்.

மேகனா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். “ஏய், அது நீ செஞ்சது.”

“இடுக்குல அடைக்கிறதுக்கு வேணுமில்ல? நாந்தான் நுண்ணுயிர். நீங்க எல்லாம் பஞ்சா இருங்க.”

அதற்குப் பிறகு முன்வரிசைக்கு யாரும் அடித்துக்கொள்ளவில்லை. பஞ்சுகளை நடுவுக்குக் கொண்டுவந்து ஒன்றையொன்று தொடும்படி நிறுத்தினார்கள். பூங்குழலி இடுக்குகளில் துண்டுகளை அடைத்தாள். மைதாப் பசையில் சாக்பீஸ் தூளைக் கலந்து, பழைய பருத்தித் துணியைக் கீற்றுக் கீற்றாக நனைத்து அடிப்பக்கத்தைச் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் எல்லார் கையும் பசையில் இருந்தது. அபிஜித் வாளியோடு ஒரேயடியாக ஊற்றிவிடலாம் என்றான். உள்ளே காயாது, ஏடு ஏடாகத்தான் பூச வேண்டும் என்று தடுத்துவிட்டாள். ஒன்று பூசி, வெயிலில் காயவிட்டு, மேலே இன்னொன்று பூசினார்கள். மாலைக்குள் மேகனாவின் தலைமுடியிலும் ஓர் ஏடு காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை தெருவே வாசலுக்கு வந்தது. அபிஜித் வண்டியைத் தள்ள, பூங்குழலி முன்னால் நடந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். மாவு மில் வந்ததும் அவள் பேச்சு நின்றது. முன் சக்கரம் ஏறியது. வண்டி குலுங்கியது. பின் சக்கரமும் ஏறி இறங்கியது.

ஒரு பஞ்சுகூட அசையவில்லை.

மில் வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மாரக்காள் அத்தை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுல நீ பண்ணுனது எது கண்ணு? கண்ணுலயே படலயே.”

“படாதுங்க அத்தை. மத்ததெல்லாம் நிக்குதில்ல, அதுதான் நான் பண்ணுனது.”

 அபிஜித் வண்டியைத் திருப்பினான். யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை வேகத்தடையில் ஏற்றி இறக்கினான்.