கடைசி அலமாரிக்குப் பின்னால்

இருதயராஜுக்கு முன்பே யாரோ அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். பரீட்சைக்கு வேண்டிய வரிகளுக்குக் கீழே மட்டும் நகத்தால் கீறியிருந்தது. கீறலில் ஆவாரம் பட்டைச் சாற்றின் பழுப்பு ஏறியிருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் கை வைத்தவனுக்குத்தான் நகம் அப்படிப் பழுக்கும். சின்ன வயசிலிருந்து அங்கே பட்டை இடித்த இருதயராஜின் நகமும் அப்படித்தான். ஒரு மாதமாக எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதே கீறல். நம்ம ஆள் ஒருத்தன் இந்தப் புத்தகசாலையில் உட்கார்ந்து படித்திருக்கிறான் என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்றைக்குத்தான், கீறலில் விரல் பட்டபோது ஈரமாக இருந்தது.

1931, டிசம்பர். பள்ளிகொண்டா சாலையில் ஊரைவிட்டுத் தள்ளி இருந்த அந்தக் கலாசாலைக்கு மறுநாள் முதல் பதினெட்டு நாள் லீவு. லீவு முடிந்ததும் பரீட்சை. தேறினால் உபகாரச் சம்பளம் தொடரும். தேறாவிட்டால் ஆம்பூரில் அப்பா நிற்கிற சுண்ணாம்புக் குழியில் அவனும் இறங்க வேண்டும். அப்பாவின் விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. சோறு பிசையும்போது அவர் முகம் சுளிப்பதைப் பார்த்த பிறகு இவனுக்குச் சோறு இறங்காது. வீட்டுக்குப் புத்தகம் தரமாட்டார்கள். அதனால் இன்றைக்குள் எழுதிக்கொண்டு போய்விட வேண்டும்.

எப்படிப் படிப்பது என்று மேல் வகுப்புப் பச்சையப்பன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"தினம் ஒரே எடத்துல குந்து, ஒடம்பு பழகிக்கும். புக்கு நம்பரை மொதல்லயே சீட்டுல எழுதிக்கினு போ. ஒரு மணி நேரம் படிச்சியா, மூடி வெச்சுட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாரு. அப்பறம் தம்பி, மணியடிச்சா உடனே கெளம்பிடு. நீ குந்தற மேசைல ஒக்காந்த தனகோடியும் நல்லாத்தான் படிச்சான். போன வருஷ லீவுல ஜுரத்துல போய்ட்டான்னாங்க."

ஒரே இடம் என்ன, அவனுக்கு இருந்ததே ஒரு இடம்தான். சேர்ந்த நாளிலேயே புத்தகசாலைத் தலைவர் சாமிநாதன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கடைசி அலமாரிக்குப் பின்னால் கையைக் காட்டிவிட்டார். "தோல் நாத்தம். மத்தவங்க படிக்க வேணாமா?"

மாடியில் இருந்த அந்தப் புத்தகசாலை மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்கு வெளியே ஒரு பலகை, அதில் அறுபது பித்தளை வில்லைகள். உள்ளே வருகிறவன் ஒன்றை எடுத்துக்கொள்வான், போகும்போது மாட்டுவான். ஐந்து மணிக்குப் பியூன் காசிநாதன் மணியடித்துவிட்டுப் பலகையைப் பார்ப்பார். அறுபதும் இருந்தால் உள்ளே ஆளில்லை. எட்டிப் பார்க்காமலே பூட்டிவிடுவார்.

சேர்ந்த அன்று இருதயராஜும் ஒரு வில்லை கேட்டான்.

"நாலு பேர் கை படற சாமான். உனக்கெதுக்குடா?" என்றார் சாமிநாதன்.

அந்தப் பேச்சை இன்றைக்கும் அவன் மறக்கவில்லை. படிக்க விடுவார்களாம், ஆளாக எண்ணமாட்டார்களாம்! இது என்ன அக்கிரமம்!

இன்றைக்கு மத்தியானம் மாடிப்படியில் காசிநாதன் கையில் புதுத் தாயத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "லீவு வந்தாலே பேஜாருப்பா. போன வருஷம் ஆறு நாள் மேல கதவை எதுவோ இடிச்சுது. பூட்டின ஹால்ல! நான் அந்தப் பக்கமே போவல."

இப்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் தன் இருமல்கூட அவனுக்குக் கேட்கவில்லை. ஈரக் காகிதத்தின் வாடையும், பழைய பைண்டிங் தோலின் வாடையும், அதற்கடியில் பட்டினி கிடந்தவன் வாயிலிருந்து வருகிற புளித்த வாடையும் மேசையைச் சுற்றி மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. அவன் பக்கத்தைப் புரட்டினான். இங்கே வரிக்குக் கீழே கீறலில்லை. ஓரத்தில், செங்குத்தாக, ஒன்று. அடுத்த பக்கத்தில் இரண்டு. அப்புறம் மூன்று. ஆறாவது பக்கத்தில் ஆறு கீறல்கள், கடைசிக் கீறல் காகிதத்தின் விளிம்புவரை இழுபட்டுப் போயிருந்தது.

புத்தகத்தை மூடினான். அதன் முதுகில் பைண்டிங் தோல் இல்லை.

எலி என்று நினைத்தான். ஆனால் அவன் தோலிலேயே வளர்ந்தவன். எலி கொறித்தால் விளிம்பு பொடியாக உதிரும். இது எச்சிலில் ஊறியிருந்தது. மென்று இழுத்திருந்தது. கடைவாய்ப் பல் அழுந்திய தடம்.

மனிதப் பல்.

அடுத்த புத்தகத்தை உருவினான். அதிலும். அதற்கடுத்ததிலும். கீழ்த்தட்டு முழுக்க.

போன வருஷம் இதே மேசையில் படித்த தனகோடிக்கும் வில்லை கொடுத்திருக்கமாட்டார்கள்.

"ஜுரமாம்!" என்று கத்தினான். "அடப்பாவிகளா, ஜுரமாம்!" பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சாமிநாதன் எதிரில் நின்றிருந்தால் குரல்வளையைப் பிடித்திருப்பான்.

பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஐந்தே கால்.

மழை மணியை விழுங்கிவிட்டது.

ஓடினான். கதவு பூட்டியிருந்தது. இடுக்கு வழியாகப் பலகை தெரிந்தது. அறுபது வில்லையும் வரிசையாக. கதவின் உள்பக்கம், கை எட்டுகிற உயரத்தில், பழுப்புக் கீறல்கள்.

இடித்தான். உதைத்தான். சன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்தான். கீழே குடையோடு காசிநாதன்.

"காசிநாதண்ணே! நாந்தான்! இருதயராஜ்! உள்ள மாட்டிக்கினேன்!"

காசிநாதன் நிமிர்ந்து பார்த்தார். தாயத்தைப் பிடித்துக்கொண்டார். குடையைப் போட்டார். ஓடினார்.

"பேய் இல்லய்யா! ஆளுய்யா! ஆளு!"

வெளிக் கேட்டைச் சாத்திய சத்தம். அதற்கப்புறம் மழை.

மழையும் நின்றது.

கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு குரல். வறண்ட குரல். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒப்பிக்கிற குரல். அவன் இன்றைக்குப் படித்த அதே பாடம். ஒரு வரியும் பிசகவில்லை. பாதியில் நின்றது. நாற்காலி நகர்ந்தது. இடம் விடுவதற்காக.

அலமாரி ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. எலும்பு. பழுப்பு நகங்கள். விரல்களுக்கிடையில் புத்தகத்தின் முதுகுத் தோல், நுனியில் எச்சில் சொட்ட, சரிபாதியாகக் கிழித்து, அவன் பக்கமாக நீட்டியபடி.