காற்றோட்டம்: உண்டு

அறையில் துளிக் காற்று இல்லை. ஆனால் ஆய்வாளரின் கையிலிருந்த படிவம் மட்டும் படபடத்தது.

நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர் அவர். போன வருடம் இந்த விடுதிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், வந்த போட்டோவை நம்பி, நாற்காலியில் சாய்ந்தபடியே ‘காற்றோட்டம் உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மகராசன். இந்தத் தடவை மேலதிகாரி நேரில் போகச் சொல்லிவிட்டார்.

இருபது கட்டில்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடம் போயிருக்க, காய்ச்சலில் ஒரு சின்னப் பெண் மட்டும் கடைசிக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கட்டிலுக்குக் கட்டில் மூன்றடி இடைவெளி வேண்டும். டேப்பை நீட்டக் குனிந்தபோதுதான் பார்த்தார். தரையெங்கும் கட்டில் கால்கள் இழுபட்ட கோடுகள். எல்லாம் எதிர்ச்சுவரை நோக்கிப் போயின.

“பிள்ளைங்க தள்ளி விளையாடுவாங்களோ?”

வாசலில் நின்ற வார்டன் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சுவரை நெருங்க நெருங்க நாற்றம் ஏறியது. திரிந்த பாலும், நாள்கணக்கில் ஊறிய துணியும், பல் தேய்க்காத வாயும் ஒன்றாகக் கலந்த நாற்றம், மூக்கைப் பொத்தினாலும் தொண்டைக்குள் வழவழவென்று இறங்கியது. போட்டோவில் பார்த்த வென்டிலேட்டர் அங்கேதான் இருந்தது. நான்கு பட்டைகள், நடுவில் இருட்டு. கிட்டே போனால், எல்லாம் வெறும் பெயிண்ட்.

“என்னம்மா இது அநியாயம்?”

“போட்டோல நல்லாத்தானே சார் இருந்துச்சு? நீங்கதான பாஸ் பண்ணீங்க.”

விரலால் தொட்டார். ஒரு வருடமாகியும் காயாத பெயிண்ட். வெதுவெதுப்பு. பிசுபிசுப்பு. விரலை எடுத்தால் நூல்நூலாகக் கூடவே வந்தது, அதில் சின்னச் சின்னத் தலைமுடிகள். சீ! சட்டையில் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. அந்தக் கையை வெட்டி எறிந்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

அப்போது சுவர் மூச்சு விட்டது.

முகமெல்லாம் ஈரச்சூடு. பிறகு உள்ளிழுத்தது. படிவம் பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

“சார்,” என்றாள் அந்தப் பெண், போர்வைக்குள்ளிருந்து. “போன தடவை நீங்க கையெழுத்து போட்டப்புறம்தான் அது மூச்சு விட ஆரம்பிச்சுது. இன்னொரு தடவை போடாதீங்க சார். என் கட்டில்தான் கிட்ட இருக்கு.”

வார்டன் அம்மா படிவத்தைப் பிய்த்தெடுத்துப் பேனாவோடு நீட்டினாள். “போடலைன்னா, போன வருஷத்துக் கையெழுத்துக்கு யார் சார் பதில் சொல்றது?”

அவருக்கு வேலை நினைவு வந்தது. விசாரணை நினைவு வந்தது. படிவத்தின் பின்பக்கம் ஏதோ வழவழத்தது.

போட்டார்.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கால்கள் கிறீச்சிட்டன. நகர்ந்தன. சுவரில் மோதி நின்றன.

“சார்!”

திரும்பினார்.

பட்டைகள் விரிந்திருந்தன. கட்டில் காலி. போர்வையின் நுனி மட்டும், நாக்கை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல, மெல்ல, மெல்லச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.