அக்கரைக்குப் போகாத ஓடம்

கி.பி. 1663, மாசி மாதம். தாமிரபரணிக் கரையிலிருந்த மருதக்கோட்டையில் அம்மை கண்டவர்களை அக்கரைக் கொட்டகைக்கு அனுப்பிவந்தார்கள். ஏற்கெனவே அம்மை கண்டு பிழைத்த பணிப்பெண் ஒருத்தி பார்த்துச் சொல்வதே முடிவு.

வாசகர்களே, நிலவு ஆற்று நீரில் வெள்ளித் தகடு விரித்த அந்த அந்திவேளையில், முக்காடிட்டு இளையராணி தெய்வக்கன்னியின் மாளிகைக்குள் நுழைந்தவள் பணிப்பெண் அல்லள். மூத்தராணி குமராயி நாச்சியார். அம்மைத் தழும்பேறிய தன் முகத்தை விட்டு அரசர் இளையவளிடம் போன நாள்முதல் பொறாமையில் வெந்தவள், இளையவள் மகளுக்கும் அம்மை என்று கேட்டுக் கண்ணால் காண வந்திருந்தாள்.

"வாரும் அக்கா," என்றாள் தெய்வக்கன்னி, அவளைப் பணிப்பெண் என்றே எண்ணி. "இவளுக்கு அம்மை என்றதும் மூத்தராணி மாளிகையில் இன்று பாயசம் வைத்திருப்பார்களே?"

"நெய் இல்லையாம். நாளைக்கு வைப்பார்கள்."

கட்டிலில் அரசரின் சால்வை கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் குமராயி குழந்தையைப் பார்த்தாள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள், நாக்கில் புண், வாயோரம் எச்சில். முகமும் மார்பும் தெளிவாக இருந்தன. உண்மை அவளுக்குப் புரிந்தது.

"பெரியம்மைதான்," என்றாள்.

தெய்வக்கன்னி அழவில்லை. குழந்தையைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். "நானும் ஓடத்தில் போகிறேன்."

"உமக்கு அம்மை வந்ததில்லையே. அங்கே போனவர்கள் பாதிப்பேர் திரும்பவில்லை."

"இவள் தனியாக எப்படிக் கிடப்பாள்?"

அக்கொட்டகையில் குமராயி தனியாகக் கிடந்தவள். அரசர் வரவில்லை, பெற்றவளும் வரவில்லை. முதன்முறையாக அவளுக்கு அந்தக் குழந்தைமீதே பொறாமை வந்தது.

"இறக்கிவிடும். இது அம்மையில்லை. பெரியம்மை முகத்தில்தான் நெருங்கி முளைக்கும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் கிளம்பும். மணல்வாரி அம்மை என்றால் இருமலும் கண்சிவப்பும் முன்னால் வரும். இது கை, கால், வாயோடு நிற்கிற கொப்புளம், தானே ஆறும். ஆறிய கஞ்சியும் மோரும் கொடும்."

"அப்படியானால் ஏன் பொய் சொன்னீர்?"

குமராயி முக்காட்டை விலக்கினாள். தெய்வக்கன்னி குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

"பயப்படாதே. ஓடக்காரனிடம் நானே சொல்லிவிட்டுப் போகிறேன்."

ஓடம் கரையிலேயே நின்றது. குழந்தையின் புண்கள் சில நாட்களில் ஆறின. அரசர் அந்த மாதம் முழுவதும் இளையராணியின் மாளிகையிலேயே தங்கினார்.