கட்டிலின் ஓரம்

பஸ் டிரைவர் மூன்றாவது தடவையும் சொன்ன நேரத்துக்கு வந்து, ஆலோசனை அறையின் சோபாவில் உட்கார்ந்தார். மனைவி கட்டிலில் மூச்சுத் திணறி இறந்ததிலிருந்து அவர் படுக்கையறைப் பக்கமே போவதில்லை, தூக்கமும் இல்லை. போன வாரம் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்து, பஸ்ஸைச் சாலை நடுத்தடுப்பில் ஏற்றிவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை போகும். உயிரும் போகலாம்.

“கட்டில்ல படுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்டார் மனநல ஆலோசகரான அந்த அம்மா.

“பாக்கறேன் மேடம்.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்; எதையும் செய்யமாட்டார். ஆலோசகருக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிக்கொண்டபோது, தப்பு தன் பேரிலும் இருப்பதாகத் தோன்றியது. கட்டளை போட்டால் யார்தான் கேட்பார்கள்?

“சரி, நான் எதுவும் சொல்லல. உங்களால எது முடியும்? நீங்களே சொல்லுங்க.”

டிரைவர் சோபாவின் நுனிக்கு நகர்ந்தார்.

“பகல்ல, கட்டில் ஓரத்துல சும்மா உக்காரலாம். நீங்க போன்ல கூட இருந்தா.” குரலைத் தாழ்த்தினார். “உள்ள யாரோ மூச்சு விடறாங்க மேடம்.”

மறுநாள் மதியம் போன் வந்தது. அந்தப் பக்கம் கதவு கிறீச்சிட்டது. கட்டில் முனகியது.

“உக்காந்துட்டேன்.”

“நல்லது. மெதுவா மூச்சை இழுத்து விடுங்க.”

இழுத்தார். விட்டார்.

இன்னொரு மூச்சும் கேட்டது.

வறட்சியாக, நெஞ்சுக்குள் விசிலடிப்பதுபோல.

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“தனியாத்தான் இருக்கேன். பயமே இல்ல மேடம். கண்ணு சொக்குது...”

“வேண்டாம், வெளிய வாங்க!”

குறட்டை.

பிறகு, காதோடு காதாக, ஒரு பெண்குரல்:

“எழுப்பாதீங்க. இப்பத்தான் அசந்து தூங்கறாரு.”

அடுத்த வாரம் டிரைவர் ஆளே மாறி வந்தார். கண்ணில் தெளிவு, முகத்தில் சிரிப்பு. தினமும் கட்டிலில்தான் தூக்கமாம். அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல ஆலோசகர் வாயெடுத்தார். தேறி வந்த மனிதரைப் போய்க் குழப்புவானேன் என்று அடக்கிக்கொண்டார்.

“இனிமே நான் வர வேண்டாம்ல மேடம்?”

“வேண்டாம். நல்லா இருங்க.”

அவர் போனதும் கதவு சாத்திக்கொண்டது.

சோபாவில் அவர் உட்கார்ந்திருந்த இடம் மெல்ல உப்பி எழுந்தது.

பக்கத்து இடம் எழவில்லை. அமுங்கியே கிடந்தது.

“அவருக்குச் சரியாயிடுச்சு,” என்றது அந்தக் குரல், ரொம்பப் பணிவாக. “நான் என்ன செய்யணும்? சொல்லுங்க மேடம். நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்.”