தாமதமாக வந்த தொடுகை

கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: மாமியார், மருமகள், துப்பறிவாளர், அவருடைய உதவியாளர். மருமகளின் கணவன் கப்பல் பொறியாளன். தொலைதூரத் துறைமுகத்திலிருந்து மாமியாரின் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாமியார் கதவைச் சாத்தினார். "இவ வேண்டாங்கிறான் என் மகன். இவ மேல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அவன் வாயை எப்படி அடைக்கிறது?"

மகனின் சந்தேகத்துக்குக் காரணம் ஒரு கருவி; பிரிந்திருக்கும் தம்பதிக்கென்று விற்கும் அந்தரங்கக் கருவி. அவன் தன் கைப்பேசியில் தொட்டால், இணையம் வழியாக இவளிடம் இருப்பது அசையும். அதற்குமேல் விவரிப்பது குடும்பத்துக்கு அழகல்ல. சென்ற வாரம் ஒரு பிற்பகல் அது அசைந்தது. அப்போது கப்பல் நடுக்கடலில், சிக்னலே இல்லாமல் இருந்தது. கரை சேர்ந்தபின் செயலியைப் பார்த்தவனுக்கு அது தெரிந்துவிட்டது.

"எவனோ இணையம் வழியா உள்ள புகுந்திருக்கான் சார்!" என்றார் உதவியாளர்.

"குதிக்காதய்யா." துப்பறிவாளர் மருமகளிடம் திரும்பினார். "அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

"அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே அதுல சார்ஜ் தீர்ந்துபோச்சு. அலமாரியிலயே கிடந்துச்சு. அன்னைக்கு... அவரைப் பார்க்கணும்போல இருந்துச்சு. சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் அசைஞ்சுது."

"அவர் மாதிரியே இருந்துச்சா?"

அவள் தலைகுனிந்தாள். "அவரேதான். பாதியில நின்னுடுச்சு."

துப்பறிவாளர் கைப்பேசிப் பக்கம் குனிந்தார். "தம்பி, கப்பல் கிளம்பின அன்னைக்கு கைப்பேசி வழியா இவங்களைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

இரைச்சலுக்கு நடுவே கணவன் பேசினான்.

"பார்த்தேன் சார். பதிலே இல்ல. கோவமா இருக்கான்னு நினைச்சேன். அதுக்குள்ள சிக்னல் போயிடுச்சு."

"அதான் பாதியில நின்னுது. நீங்க அனுப்புனதைக் கம்பெனிக்காரன் எடுத்து வச்சிருந்து, கருவி கண் முழிச்சதும் கொடுத்துட்டான். நீங்க தேடுற ஆள் நீங்கதான்."

நிரூபிக்க, தம் கைப்பேசியில் அந்த நிறுவனத்தை அழைத்து மருமகளின் எண்ணை மட்டும் சொன்னார். எதிர்முனைப் பெண் ஆள் யாரென்றுகூடக் கேட்கவில்லை. தொட்ட நாள், நேரம், வேகம் எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பித்தாள்; நாளும் நேரமும் கப்பல் கிளம்பியதோடு அச்சாகப் பொருந்தின.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றான் கணவன், மனைவியிடம்.

"பதில் வரலன்னு நீங்களும் தவிச்சீங்களா?" என்றாள் அவள்.

மாமியார் எழுந்துவிட்டார். "நம்ம வீட்டுப் படுக்கையறை ஊரான் வாயிலயா? அத்தனையும் அழிக்கச் சொல்லுங்க. இப்பவே!"

சில நாளில், மருமகள் வீட்டைவிட்டு ஓடிவிட்டாள் என்று தெருவில் பேச்சு. தவறு. கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குக் கணவனைப் பார்க்கப் போனாள். பெட்டி அடுக்கிக் கொடுத்தவர் மாமியார்.