ஜோஷுவாவின் அணையும் தஸ்மியாவின் பொத்தானும்

பாளையங்கோட்டையில் தஸ்மியா படிக்கும் பள்ளியில் அன்று அறிவியல் கண்காட்சி. பத்து மணிக்குப் பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். மணி எட்டரை ஆகியும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர்கூட அவள் மேசைப் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் பக்கத்து மேசையைச் சுற்றி நின்றார்கள். அங்கே ஜோஷுவா பாபநாசம் அணையைக் கட்டி வைத்திருந்தான். பெரிய தகரத் தட்டில் மலை, அணை, ஆறு, கரையில் பச்சை வயல். ஒரு சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அணை நிரம்பித் தாமிரபரணி வழிந்து ஓடும்.

தஸ்மியாவின் மேசையில் ஒரு படமும், உள்ளங்கை அளவு கருவி ஒன்றும்தான் இருந்தன. கருவியில் பிளக் போல மூன்று முனைகள், இரண்டு குட்டி விளக்குகள், ஒரு சிவப்புப் பொத்தான்.

"கொசு விரட்டுத மிஷினா இது?" என்று எட்டிப் பார்த்தான் ஜோஷுவா.

"இல்லப்பா. டிரிப்பர் பெட்டியைச் சோதிக்குத பிளக். கரண்டு எங்கயாவது கசிஞ்சா, பெட்டி உடனே கட் பண்ணணும். இந்தப் பொத்தானை அமுக்கினா இது வேணும்னே கொஞ்சூண்டு கரண்டைக் கசிய விடும். பெட்டி கட் பண்ணிட்டுன்னா பாஸ்."

"பண்ணலைன்னா?"

"பெயில்."

தஸ்மியாவின் வாப்பா சவூதியிலுள்ள தம்மாமில் எலக்ட்ரீஷியன். தினமும் வேலை தொடங்கும் முன்பு இப்படித்தான் பெட்டிகளைச் சோதிப்பார். போன விடுமுறையில் வந்தபோது இதை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார்.

அப்போது வேதமுத்து அண்ணாச்சி உள்ளே வந்தார். ஊரில் விசேஷங்களுக்கு மைக், லைட் வாடகைக்குக் கொடுப்பவர். தஸ்மியாவுக்கு ஒன்று, ஜோஷுவாவுக்கு ஒன்று என இரண்டு ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைச் சுவரில் சொருகினார்.

"எல்லாம் டிரிப்பர் வச்ச பெட்டி. பாருங்க" என்று பெட்டியின் மேல் இருந்த பொத்தானை அமுக்கிக் காட்டினார். டக் என்று மின்சாரம் நின்றது. மறுபடி போட்டுவிட்டார். "பயமே வேண்டாம்."

ஜோஷுவா மோட்டார் பிளக்கைக் கையில் எடுத்தான். தஸ்மியா ஈரத் தகரத்தைப் பார்த்தாள்.

"பைய, ஜோஷுவா, இப்பச் சொருகாத. அண்ணாச்சி, கசியுத கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகுத எர்த் வயர் பெட்டியில இருக்கா இல்லியான்னு அந்தப் பொத்தான் காட்டாது. இதை ஒருக்கா சொருகிப் பாப்போமா? டீச்சர், சரியா?"

பாக்கியவதி டீச்சர் அருகில் வந்து தலையசைத்தார். அண்ணாச்சி சிரித்தபடியே கருவியை ஜோஷுவாவின் பெட்டியில் சொருகினார்.

ஒரு விளக்குதான் எரிந்தது. தஸ்மியா சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி அசையவே இல்லை.

"உன் பிளக்குதான் பழுது போலிருக்கு, பாப்பா."

"இருக்கலாம் அண்ணாச்சி. என் பெட்டியில போட்டுப் பாருங்களேன்."

போட்டார். இரண்டு விளக்கும் எரிந்தன. பொத்தானை அமுக்கியதும் டக்.

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "அப்ப ஜோஷுவா பக்கம் உள்ள சுவர் பாயிண்டு சரியில்ல."

சுற்றி நின்ற பிள்ளைகள் தஸ்மியாவைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சூடானது. கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டு பெட்டியையும் மாத்திச் சொருகுங்க. கோளாறு சுவத்துலயா, பெட்டியிலயான்னு தெரிஞ்சிரும்."

மாற்றிச் சொருகினார்கள். அவள் பெட்டி அந்தச் சுவரிலும் டக் என்றது. ஜோஷுவாவின் பெட்டி இந்தச் சுவரிலும் அசையவில்லை.

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி, திருப்புளியால் திறந்தார். பச்சை வயர் கழன்று தனியாகத் தொங்கியது.

"எர்த்தே இல்ல" என்றார் மெல்லிய குரலில். "மோட்டார் கசிஞ்சு தகரத்துல கரண்டு ஏறியிருந்தா, முதல்ல தொடுத பிள்ளை கைதான் எர்த்தா இருந்திருக்கும்."

ஜோஷுவா தட்டிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தான். அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப ஆறு ஓடாதா?"

"ஓடும். என் பெட்டியை எடுத்துக்கோ" என்றாள் தஸ்மியா.

"உனக்கு?"

"எனக்கு இந்தப் பெயில் பெட்டி போதும். அண்ணாச்சி, இதைத் திறந்தாப்புலயே என் மேசையில வைக்கட்டுமா? உங்க கடைப் பேரைத் துணியால மறைச்சிருதேன்."

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வச்சுக்கோ தாயி. ஆனா எனக்கு ஒரு வேலை செய்யணும்" என்று வேனுக்கு ஓடினார். மீதமிருந்த எட்டுப் பெட்டிகளையும் சுமந்து வந்து வரிசையாக வைத்தார். "எல்லாத்தையும் பாத்துரு."

அவர் ஒவ்வொன்றாகச் சொருக, தஸ்மியா அமுக்கினாள். டக். "ஒண்ணு" என்றார்கள் பிள்ளைகள். டக். "ரெண்டு." ஐந்தாவதற்குள் எட்டாம் வகுப்பு முழுவதும் வந்து சேர்ந்துகொண்டது. எட்டாவது டக் கேட்டபோது கைதட்டலில் தலைமையாசிரியரே அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. மோட்டார் முனகியது. அணை நிரம்பி வழிந்து, வயல்களின் ஓரமாகத் தாமிரபரணி சலசலத்து ஓடியது. பெற்றோர்கள் வியந்து நின்றார்கள்.

"யாருப்பா இந்த அணையைக் கட்டுனது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான் கட்டுனேன்" என்றான் ஜோஷுவா. பிறகு பக்கத்து மேசைக்குப் போய், கூட்டத்துக்கு நடுவே விளக்கிக்கொண்டிருந்த தஸ்மியாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "ஆனா, திறந்து வச்சது இவ."