குழாயில் சூடு நின்ற இடம்

தேநீர் சுடவில்லை.

"டீ ஆறிப்போச்சே."

"இப்பத்தான் இறக்கினேன். ஆவி பறக்குறது தெரியலையா?" என்றாள் மனைவி.

தெரிந்தது. அவர் விரல்கள் டம்ளரை இறுகப் பிடித்திருந்தன. சூடு மட்டும் வந்து சேரவில்லை. விரல்நுனிகள் சுண்ணாம்பு தொட்டதுபோல் வெளுத்திருந்தன.

ஆலையில் அவர் குழாய் ஃபிட்டர். அங்கே குழாயில் ஓடுவது ஃபீனால் என்ற ரசாயனம். நாற்பது டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளைக் கல்லாக உறைந்துவிடும். உருக்கி, சூடு குறையாமல் அனுப்பினால்தான் பிளைவுட் பசையாக, சுவிட்சாக, தலைவலி மாத்திரையாக வீடுவீடாகப் போய்ச் சேரும். அடைப்பு விழுந்தால் அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயை வெறுங்கையால் தடவிக்கொண்டே போவார். சூடு நின்றுபோகும் இடத்தில் அடைப்பு. இருபது வருடமாக அவருக்குத் 'தெர்மாமீட்டர்' என்றுதான் பெயர்.

இன்று காலை ஒரு குழாய் மூட்டு கசிந்தது. தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"கையக் கழுவுங்கண்ணே," என்றான் ஃபோர்மேன்.

"எரிஞ்சா கழுவுறேன்டா."

"அது எரியாதுண்ணே. முதல்ல மரத்துப்போகும். அப்புறம்தான் தோல் வேகும்."

சிரித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்து, துண்டைக் கதவு ஆணியில் மாட்டி, அசந்து தூங்கியிருந்தார்.

"வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறுது," என்றாள் மனைவி.

அவருக்கு எந்த வாடையும் தெரியவில்லை. கதவைப் பார்த்தார். வெறும் ஆணி.

"துண்டு எங்க?"

"பாப்பா குளிச்சதும் அப்பா துண்டுதான் வேணும்னு இழுத்துப் போத்திக்கிட்டா. ரெண்டு மணி நேரமா சமர்த்தா படம் வரைஞ்சுட்டிருக்கா."

உள்ளறையில் மின்விசிறி ஒரே தாளத்தில் கிறீச்சிட, திரைச்சீலையின் நிழல் சுவரில் ஏறி இறங்க, மகள் குப்புறப் படுத்திருந்தாள். பென்சில் தாளில் உரசும் சத்தம். முதுகில் துண்டு.

எடுத்தார்.

வெள்ளை. தோளிலிருந்து இடுப்புவரை. ஊறிய காகிதம்போலச் சுருங்கிய வெள்ளை.

"வலிக்குதா கண்ணு?"

"எங்க, அப்பா?"

கழுத்தில் கையை வைத்தார். குழாயைத் தடவுவதுபோலவே கீழே இறக்கினார். சூடு எங்கே நிற்கிறது? தெரியவில்லை. அழுத்தினார். இன்னும் அழுத்தினார். அவர் உள்ளங்கைக்கு அடியில் தோல் மெல்ல நகர்ந்தது.

மகள் திரும்பவில்லை. படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே சொன்னாள்.

"சும்மா நிக்காதீங்கப்பா. முதுகுல தட்டிக்கொடுங்க."